உப்பு விளைப்போரும் உழவர் சந்தையும்

நெல் விளைந்தது என்று சொல்லும் தமிழன் உப்பும் விளைந்தது என்றே சொல்லுகிறான். செங்கல்லை அவன் அறுத்தான் என்பான். சுண்ணாம்பைச் சுட்டான் என்பான். உப்பை மட்டும் விளைவித்தான் என்பான். நிலத்தைப் பண்படுத்தி, வரப்புக் கட்டி, நீர் பாய்ச்சி, வெயிலை வேண்டியும் மழைக்கு அஞ்சியும் காத்திருந்து, பருவத்தே வாரிக் குவிக்கப்படும் பொருளாதலின், உப்பை விளைபொருள்களோடு ஒன்றாக எண்ணுவது நம் மொழியின் வழக்காயிற்று. ஆயின், நாவில் வழங்கும் இவ்வழக்குச் சர்க்கார் ஏட்டில் ஏறவில்லை. அங்கே நெல் வேளாண்மை, உப்போ கைத்தொழில். இவ்வேறுபாடு பெயரளவில் நின்றுவிடுமாயின் நாம் இதுபற்றி எழுதப் புகோம். ஒருவன் தன் விளைவைச் சந்தையில் தானே விற்க இடம் பெறுவதும், மற்றொருவன் பெறாமற் போவதும், புயல் வீசிய மறுநாள் ஒருவனுக்கு ஈடு கேட்க வழியிருப்பதும், மற்றொருவனுக்கு அது இல்லாமையும் இவ்வேறுபாட்டினின்றே பிறக்கின்றன. ஆதலின் இதனை ஆராய்தல் கற்றார் கடன் என்று கருதுகின்றோம்.

சென்ற பங்குனித் திங்களின் இறுதியில், பனி முற்றும் நீங்கி இளவேனில் தலைப்படும் நாளில், நம் மாணாக்கர் சிலரும் ஆசிரியர் சிலரும் விழுப்புரம் மாவட்டத்துக் கடற்கரைப் பக்கம் சென்றிருந்தோம். வைகறையில் முதற்கண் திண்டிவனத்து உழவர் சந்தையைக் கண்டோம். பொழுது புலருமுன்னரே சுற்றுப்புறச் சிற்றூர்களினின்று பேருந்திலும் இருசக்கர வண்டியிலும் மூட்டைகள் வந்து இறங்கின. முளைக்கீரையும் அரைக்கீரையும் நீர் தெளித்த சாக்கின்மேற் பசுமை மாறாது கிடந்தன. கத்தரி, வெண்டை, சுரை, முருங்கை, பச்சை வேர்க்கடலை, பருவத்தின் முதல் மாங்காய் என்பன வரிசை வரிசையாய் இருந்தன. நுழைவாயிலில் அன்றைய விலை ஒவ்வொரு காய்க்கும் எதிரே பலகையில் எழுதப்பட்டிருந்தது. வாங்குவோர் அப்பலகையை ஒருமுறை நோக்கிவிட்டு உள்ளே புகுந்தனர். விற்போரும் அதனை அறிந்தே இருந்தனர். பேரம் குறைவு; கூச்சலும் குறைவு.

இச்சந்தையின் வரலாறு இளைஞர் அறியத்தக்கது. பஞ்சாபில் 1987-ஆம் ஆண்டு 'அப்னி மண்டி' என்னும் பெயரால் உழவர் தாமே விற்கும் சந்தை தோன்றிற்று. ஆந்திரத்தில் 1999-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 'ரைத்து பஜார்' வந்தது. அதே ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள், தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை மதுரை அண்ணா நகரில் அந்நாள் முதலமைச்சர் மு. கருணாநிதியால் திறக்கப்பட்டது. இதன் விதிகள் எளியன. நிலத்தில் தாமே பயிரிடுவோர்க்கு அதிகாரிகள் நேரிற் பார்த்து அடையாள அட்டை வழங்குவர். கடைக்கு வாடகையில்லை, தராசு சந்தையே தரும், இடைத்தரகர்க்கு இடமில்லை, விலை நாள்தோறும் பலகையில் ஏறும். விளைப்போனும் உண்போனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொடுத்து வாங்குவதே இதன் கருத்து.

சந்தையைச் சுற்றி வந்த மாணாக்கர் ஒருவர், "ஐயா, குழம்புக்கு வேண்டிய எல்லாம் இங்கே இருக்கின்றன; உப்பு மட்டும் இல்லையே!" என்றார். உண்மைதான். கறிக்கு வேண்டிய காய்கள் எல்லாம் சுற்றுப்புறத்து வயல்களினின்று வந்திருந்தன. உப்போ, 30 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் மரக்காணத்தில் மலைபோற் குவிந்து கிடக்க, சந்தைக்கு வெளியே உள்ள மளிகைக் கடையில் வேற்று மாநிலத்துப் பெருங்கம்பெனியின் பெயர் பொறித்த உறையுள் இருந்தது. மரக்காணத்து உப்புக்கு அதன் அண்டையூர்ச் சந்தையிலேயே இடமில்லாமை எங்களை வியப்பில் ஆழ்த்திற்று.

மரக்காணம் நேற்று முளைத்த ஊர் அன்று. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனாகிய ஓய்மானாட்டு நல்லியக்கோடனுக்கு எயிற்பட்டினம் என்றொரு கடற்கரைப் பட்டினமும், கிடங்கில் என்றொரு உள்நாட்டு ஊரும் இருந்தன. கிடங்கில் இந்நாள் திண்டிவனத்தோடு சேர்ந்திருக்கிறது. எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் ஆராய்ச்சியாளர் பலர். யவன மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்னும் நூல் குறிக்கும் சோபட்மா என்னும் துறைமுகமும் இதுவேயென்று கூறுவாரும் உளர். ஆகவே, நாம் காலையிற் கண்ட சந்தையூரும் நண்பகலிற் காணச் சென்ற உப்பூரும் ஒரே குறுநில மன்னனின் இரண்டு ஊர்கள். நெய்தல் நிலத்து உப்பை உமணர் வண்டியில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டு சென்று, நெல்லுக்கு மாற்றினர் என்பதும், அம்மாற்றில் நெல்லும் உப்பும் ஒத்த அளவினவாய் இருந்தன என்பதும் அகநானூற்றால் அறியப்படும். இன்று ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு கிலோ உப்பு என்று எவரேனும் மரக்காணத்தில் மாற்ற முன்வருவாராயின், உப்பு விளைப்போர் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவர்.

கடற்கரையை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. காக்கிநாடாவிலிருந்து கடலோரமாய் வரும் பக்கிங்காம் கால்வாய் இப்பக்கத்தே முடிவுறுகின்றது. படகிற் பண்டம் ஏற்றிச் சென்ற காலம் போயிற்று. கால்வாய் மட்டும் கிடக்கின்றது. தெற்கே கழுவேலி ஏரி. 2021-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பெருநீர்ப்பரப்பு அது. இடையே கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாய் அளங்கள். அவற்றினிடையே வெள்ளைக் குவியல்கள்.

உப்பு விளையும் முறையை அறியாதார் அதனைக் கடல்நீர் தானே காய்ந்து தருவதாக எண்ணுவர். அஃது அங்ஙனம் அன்று. கடல்நீரில் கறியுப்பின் பங்கு நூற்றுக்கு மூன்றினும் குறைவு. மாரி நின்றபின் அளத்தின் தரையைச் சேறு நீக்கி, காலால் மிதித்து மிதித்துக் கல்போல் இறுகச் செய்வர். இறுகாத தரையில் உப்பு மண்ணோடு கலந்துவிடும். பின்னர் நீரை முதற்பாத்தியில் தேக்கி, அங்கிருந்து அடுத்த பாத்திக்கும் அதற்கடுத்த பாத்திக்கும் படிப்படியாய் விட்டுச் செறிவேற்றுவர். செறிவை அளக்கும் கருவியிற் கடல்நீர் ஏறத்தாழ 3 பாகை காட்டும். 25 பாகையை நெருங்குங்கால் உப்புப் படிகம் கட்டத் தொடங்கும். 30 பாகை அளவில் எஞ்சிய நீரை வெளியேற்றாவிடில் மக்னீசிய உப்புக்கள் சேர்ந்து கசப்பேறும். எந்நேரத்தில் நீர் விட வேண்டும், எந்நேரத்தில் வடிக்க வேண்டும் என்பதைக் கருவியில்லாமலே நீரின் நிறத்தையும் விரலிற்படும் வழுவழுப்பையும் கொண்டு சொல்லும் முதியோர் அங்கே இருக்கின்றனர். நம் ரசாயன வகுப்பிற் குழாயும் தராசும் கொண்டு கற்பதை அவர்கள் வெயிலில் நின்று கற்றிருக்கின்றனர். படிந்த உப்பை நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் வாரிக் கரையேற்றுவர். பெண்டிர் அதனைத் தலைச்சுமையாய் எடுத்துச் சென்று அம்பாரமாய்க் குவிப்பர். உச்சிவெயில் வெண்ணிறத் தரையிற் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யும். உப்புநீர் காலின் வெடிப்புக்களிற் புகுந்து புண்ணாக்கும்.

தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிய அம்மை ஒருவரிடம், "உழவர் சந்தையில் நீங்கள் கடை போடுவதில்லையா, அம்மா?" என்று மாணாக்கர் ஒருவர் வினவினார். அவர் சிரித்து, "எங்களுக்கு யார் தம்பி அட்டை தருவார்? சிட்டா எங்கே, அடங்கல் எங்கே என்று கேட்பார்களே. நாங்கள் நிற்கிற நிலம் எங்களுடையதா?" என்றார். பின்னர், "கடையில் உப்பு என்ன விலை விற்கிறது?" என்று எங்களையே திருப்பிக் கேட்டார். மாணாக்கர் விலையைச் சொன்னார். அவர் ஒன்றும் பேசாது சும்மாட்டை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். உறையிட்ட உப்பு கடையிற் கிலோ இருபது ரூபாய்க்கு மேல் விற்கின்றது. அளத்தில் மூட்டைக் கணக்கிற் கிடைப்பதோ கிலோவுக்குச் சில ரூபாயே. இடையிலுள்ள தூய்மைப்படுத்தல், அயோடின் சேர்த்தல், உறையிடல், ஏற்றுமதிக் கூலி ஆகியவற்றிற்கெல்லாம் செலவுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயின், அவ்விடைவெளியில் ஒரு துளியேனும் சும்மாடு சுமந்த தலைக்கு வந்து சேரவில்லை.

இதற்குக் காரணம் ஒருவருடைய கொடுமையன்று. நிலைமை வகுக்கப்பட்டிருக்கும் விதமே. நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் வேளாண்மையும் சந்தைகளும் மாநிலப் பட்டியலில் முறையே 14, 28 ஆகிய எண்களில் உள்ளன. உப்போ ஒன்றியப் பட்டியலில் 58-ஆம் எண்ணில் இருக்கின்றது. கீரைக்கும் சந்தைக்கும் ஒரு சர்க்கார்; உப்புக்கு வேறொரு சர்க்கார். மாநிலம் உழவர் சந்தை அமைத்தபோது உப்பு அதன் நினைவிற்கு வரவில்லை. ஒன்றியம் உப்பைக் கண்காணிக்கும்போது சந்தை அதன் நினைவிற்கு வரவில்லை. இவ்விரண்டிற்கும் நடுவே உப்பு விளைப்போர் நிற்கின்றனர்.

இதில் வரலாற்றின் முரண் ஒன்றுண்டு. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் காந்தியடிகள் தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தார். அதே திங்கள் 13-ஆம் நாள் இராஜகோபாலாசாரியார் திருச்சிராப்பள்ளியினின்று தொண்டரோடு நடந்து, 30-ஆம் நாள் வேதாரணியத்தில் உப்புச் சட்டத்தை மீறினார். உப்பு விளையும் இளவேனிற் பருவமே அவ்வறப்போரின் பருவமாகவும் அமைந்தது. மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில் காந்தியடிகளும் இர்வின் பிரபுவும் செய்துகொண்ட உடன்படிக்கை, உப்பு விளையும் இடத்தை அடுத்த சிற்றூரார் தம் வீட்டுக்கு உப்பெடுக்கலாம், தம் ஊருக்குள் விற்கலாம், வெளியூரார்க்கு விற்றலாகாது என்று வரையறுத்தது. 1947-ஆம் ஆண்டு உப்புவரியே ஒழிந்தது. சட்டத்தில் அவ்வெல்லைக்கோடு என்றோ அழிந்துவிட்டது. ஆயின் சிறு விளைப்போரின் வாழ்க்கையில் அஃது இன்றும் அழியவில்லை. தன் உப்பைத் தன் பெயரால் அடுத்த ஊர்ச் சந்தையில் விற்க அவருக்கு இன்றும் வழியில்லை. எந்தப் பொருளுக்காக நாடு நடந்ததோ, அப்பொருளை விளைப்போர் நடந்து சேரத்தக்க சந்தை ஒன்றும் இல்லை.

ஆகவே, உழவர் சந்தையில் உப்பு விளைப்போர்க்கு ஓரிடம் அளித்தல் வேண்டும் என்பது நம் கருத்து. இதற்குச் சொல்லப்படும் தடைகள் மூன்று. அவை புறக்கணிக்கத்தக்கன அல்ல.

முதலாவது, அயோடின் பற்றியது. அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை உண்டாகும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். அதுபற்றியே அயோடின் சேராத உப்பை மக்கள் நேரே உண்பதற்கு விற்றலாகாது என்ற தடை 2006-ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் வந்தது. இவ்விதியைத் தளர்த்துமாறு நாம் கேட்கவில்லை. கேட்பது அறிவுடைமையும் ஆகாது. ஆயின், அயோடின் சேர்த்தல் பெருங்கம்பெனிகட்கே இயலும் வித்தையன்று. ஒரு டன் உப்பிற்கு வேண்டுவது ஏறத்தாழ 50 கிராம் பொட்டாசியம் அயோடேட்டு. அதனை நீரிற் கரைத்து உப்பின்மேல் ஒருசீராய்த் தெளித்துக் கலத்தல் வேண்டும். சீராய்க் கலந்ததா என்று அடிக்கடி சோதித்தலே இதில் அருமையான பகுதி. ஒரு கூட்டுறவுச் சங்கத்திற்கு ஒரு கலவைக் கொட்டகையும், பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால் இதனைச் செய்யலாம். மாநில அரசின் தமிழ்நாடு உப்புக் கழகம் வாலிநோக்கத்தில் இத்தொழிலைச் செய்து, 2022-ஆம் ஆண்டு முதல் 'நெய்தல் உப்பு' என்ற பெயரால் விற்று வருகின்றது. வாலிநோக்கத்தில் இயலுவது மரக்காணத்தில் இயலாதா?

இரண்டாவது தடை இதனினும் கடினம். உப்பு யாருடையது? அளத்தில் உழைப்போரிற் பெரும்பாலார் கூலியாளர். குத்தகை வேறொருவர் பெயரில் இருக்கும். உழவர் சந்தையில் உப்புக்கு இடம் என்று அறிவித்தால், குத்தகைதாரரோ வியாபாரியோ வந்து அமர்வார். சும்மாடு சுமந்தவர் சுமந்தவராகவே நிற்பார். இவ்வச்சம் நியாயமானது. ஆதலின் அவ்விடம் தனியொருவர் பெயரில் அன்றி, அளத்திற் கையால் உழைப்போரையே உறுப்பினராகக் கொண்ட சங்கத்தின் பெயரில் தரப்படல் வேண்டும். அட்டை வழங்குதற்குச் சிட்டாவும் அடங்கலும் பார்ப்பதற்கு ஈடாக, அளத்தில் அவர் உழைப்பதை அதிகாரி நேரிற் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். நிலத்தின் உரிமையைப் பாராது விளைவிப்போர் கையைப் பார்க்கும் அட்டையாக அஃது இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, இதனால் விற்பனையாகும் உப்பு எவ்வளவு என்பது. ஒரு வீட்டிற்குத் திங்கள் ஒன்றுக்கு ஒன்றிரண்டு கிலோவுக்கு மேல் வேண்டா. உலக சுகாதார நிறுவனமோ நாளொன்றுக்கு 5 கிராமினும் குறைவாகவே ஒருவர் உப்பு உண்ண வேண்டும் என்கின்றது. இந்திய உப்பில் முக்காற்பங்கிற்கு மேல் விளைக்கும் குஜராத்தோடு மரக்காணம் அளவிற் போட்டியிடுதலும் இயலாது. உண்மையே. உழவர் சந்தை அளத்து உப்பு முழுதையும் விற்றுத் தந்துவிடும் என்று நாம் சொல்லவில்லை; கத்தரிக்காய் முழுதையும்கூட அது விற்றுத் தரவில்லை. சந்தையின் பலகையில் விலை ஏறிய நாள்முதல், வயலுக்கு வந்து பேரம் பேசும் வியாபாரியிடம் உழவன் "சந்தையில் இன்று இன்ன விலை" என்று சொல்லக் கற்றான். அச்சொல்லே அவன் பெற்ற ஆயுதம். உப்பு விளைப்போரிடம் அச்சொல் இல்லை. அந்த அம்மை கடைவிலையை எங்களிடம் கேட்டு அறிய வேண்டியிருந்தது. கருவாட்டுக்கும், தோல் பதனிடுதற்கும், பனிக்கட்டிச் சாலைக்கும் செல்லும் உப்பின் விலையும் நாள்தோறும் பலகையில் எழுதப்படுமாயின், சந்தையில் ஒரு மூட்டை விற்கினும் அளத்தில் நூறு மூட்டைக்கு அதன் பயன் சென்று சேரும்.

இவற்றோடு, மழையைப் பற்றியும் ஒரு சொல். ஐப்பசி முதல் மூன்று திங்கள் அளம் உறங்கும், உழைப்போர்க்கு வேலையில்லை. 2022-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்கட்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் அளிக்கத் தொடங்கிற்று. இது நன்று, நன்றியோடு குறிக்கத்தக்கது. ஆயின் மூன்று திங்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 55 ரூபாய் ஆகும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை அடுத்துக் கரையேறியபோது இப்பக்கத்து அளங்கள் நீரில் மூழ்கின. மூழ்கிய நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு உண்டு. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிரும் எண்ணெய்வித்தும் பணப்பயிரும் இடம் பெற்றன. உப்பு பயிரன்று ஆகலின் அதற்கு இடமில்லை. மழை இரண்டையும் ஒன்றுபோல் அழித்தது. ஏடு இரண்டையும் வெவ்வேறாக எழுதிற்று. நிவாரணம் தரும்போது உப்பை மழையோடு சேர்த்து எண்ணும் அரசு, காப்பீடு தரும்போதும் அங்ஙனமே எண்ணுதல் முறையாகும்.

இனி, இவ்விதழைப் படிப்போர்க்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்குண்டு. ரசாயனம் கற்கும் மாணாக்கர் உப்பில் அயோடின் அளவைச் சோதிக்கக் கற்றவர். விடுமுறையில் ஒரு வாரம் அளத்துப் பக்கம் சென்று சோதனை முறையை அங்குள்ள இளைஞர்க்குக் கற்பித்தல் பெரும்பாடன்று. வணிகவியல் மாணாக்கர், ஒரு சங்கம் கலவைக் கொட்டகை அமைக்க எவ்வளவு முதல் வேண்டும், கிலோவுக்கு என்ன செலவாகும் என்று கணக்கிட்டுத் தரலாம். அக்கணக்கு தேர்வுத்தாளில் வரும் கற்பனைக் கணக்கினும் பயனுடையதாயிருக்கும். தமிழ் மாணாக்கர் அளத்து முதியோரிடம் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுக்கலாம். இயந்திரங்கள் மிகுமாறு அச்சொற்கள் மறைந்து வருகின்றன. நம் பழைய மாணவரிற் பலர் வருவாய்த்துறையிலும், வேளாண்துறையிலும், வங்கிகளிலும் உயர்ந்த பதவிகளில் இருக்கின்றனர். உழவர் அட்டைக்கான விண்ணப்பம் அவர்கள் மேசைக்கு வரும்பொழுது, விண்ணப்பிப்போர் கையிற் சிட்டா இல்லாமையை மட்டும் பாராது, அக்கையிலுள்ள காய்ப்பையும் ஒருகணம் பார்க்குமாறு வேண்டிக்கொள்கின்றோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும் என்பது நம் நாட்டில் எழுத்தறியாதாரும் அறிந்த நீதி. சோற்றில் உப்பிட்டுப் படைத்தவரையே அந்நீதி குறிப்பதாக இதுகாறும் கொண்டோம். அவ்வுப்பை விளைவித்தவரையும் அது குறிக்கும் என்று கொள்ளுதலில் இழுக்கொன்றும் இல்லை. நினைத்தல் என்பது உள்ளத்தோடு நில்லாமல், சந்தையில் ஓரிடமாகவும், பலகையில் ஒரு வரியாகவும், காப்பீட்டு ஏட்டில் ஒரு பெயராகவும் வெளிப்படுதல் வேண்டும் என்பதே நமது துணிபு.